ஈர மரத்தில் அடித்த வார்னிஷ்

அந்தப் பாய்மரப் படகுக்கு என்னைவிட வயது அதிகம். மரவேலை முழுக்கத் தேக்கு. அதை வாங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு லாயர், நம் தமிழர்தான். ஜெலுத்தோங் கடலோரப் பட்டறையில் கரையேற்றி வைத்து, மரத்தைப் பழையபடி மின்ன வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் என் அண்ணனுக்குத் தொழிற்சாலை வேலை போயிருந்தது. அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

வேலை போகக் காரணம் அவருடைய வலது கை. ஒரு வருடமாக நடுங்கிக்கொண்டிருந்தது. “வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதடா, அப்புறம் எவனும் வேலை கொடுக்க மாட்டான்” என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அதனால் பழைய வார்னிஷைச் சுரண்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அவர். பிரஷ் பிடிப்பது நான்.

ஏழு பூச்சு முடிந்தது. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அண்ணன் மறுபடி மெல்லத் தேய்த்து, தூசியைத் துணியால் ஒற்றி எடுத்துக் கொடுப்பார். கேபின் கதவில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

கடைசிப் பூச்சு அடிக்க வேண்டிய அன்று காலை மழை. அண்ணன் கட்டையில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஈரம் இருக்குடா. நாளைக்கு அடிப்போம் லா.”

சரி என்றேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் லாயர் நண்பர்களோடு வருவதாக இருந்தது. முடித்துக் காட்டிப் பேர் வாங்கும் ஆசையில் நான் தனியாக நின்று அடித்தேன்.

காலையில் வார்னிஷ் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தது.

“யாரு அடிச்சது இது?” என்றார் லாயர். நண்பர்கள் மூன்று பேர் பின்னால் நின்றார்கள்.

“அண்ணன்தான், பாஸ்” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. “அவருக்குக் கை நடுங்கும்.”

வேலைக்கு வந்து நின்ற அண்ணன் என்னைப் பார்த்தார்.

“கைய நீட்டு” என்றார் லாயர்.

அண்ணன் நீட்டினார். அடக்கப் பார்க்கப் பார்க்க நடுக்கம் கூடியது. நண்பர்களில் ஒருவர் சிரித்தார். பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இந்தக் கைய வச்சுக்கிட்டா என் படகுல ஏறுன? எல்லாத்தையும் நீயே சுரண்டிட்டுக் கிளம்பு.”

மூன்று நாள் வெயிலில் அண்ணன் தனியாகச் சுரண்டினார். உதவிக்குப் போனால் லாயருக்குச் சந்தேகம் வருமென்று நான் நிழலில் உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

மூன்றாம் நாள் மாலை அவர் சுரண்டியை என் பக்கத்தில் வைத்தார்.

“நான் அடிச்சேன்னு மட்டும் சொல்லியிருந்தா ஏத்துக்கிட்டிருப்பேன்டா. கை விஷயத்த ஏன் சொன்ன?”

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கை விஷயம் மற்ற பட்டறைகளுக்கும் எட்டிவிட்டது. இரண்டு இடங்களில் வேலை கேட்டு, இல்லையென்று திரும்பினாராம். அண்ணி போனில் இதைச் சொன்னார். “இனி வீட்டுக்கு வராதீங்க தம்பி” என்று வைத்துவிட்டார்.

நான் மீண்டும் முதலிலிருந்து எட்டுப் பூச்சு அடித்தேன். படகு நன்றாக வந்தது. லாயர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டிய வேலையெல்லாம் இன்றும் எனக்குத்தான்.