சீட்டில் வந்த சுகர் மாத்திரை

என் கணவருக்கு எட்டு வருடமாக பிரஷர். மாத்திரைக்காக மாதா மாதம் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. பெயரை எழுதி, பழைய சீட்டைப் படமெடுத்து கிளினிக்கின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் மறுநாள் புதுச் சீட்டு ஃபோனுக்கே வந்துவிடும். அவர் தினமும் விடிவதற்குள் வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் என்பதால் இந்த வேலை என்னுடையது.

அந்த மாதம் வந்த சீட்டில் பெயர் சரி, இனிஷியலும் சரி. மெடிக்கலில் கொடுத்த அட்டைதான் வேறு. வழக்கமாகச் சின்ன வெள்ளை மாத்திரை. இது நீளமாக, தொண்டையில் சிக்கும் போலிருந்தது. கம்பெனி மாறிவிட்டதா என்று கேட்டேன்.

"இது சுகர் மாத்திரைமா. சீட்டுல இதான் கீது" என்றார் கடைக்காரர்.

வாங்கிக்கொண்டு வந்தேன். முந்தைய மாதம்தான் டாக்டர் அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார். ரிசல்ட் நேராகக் கிளினிக்குக்குப் போனது. எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது எனக்கு மட்டும்தான் சொல்லவில்லையா? என் மாமனாருக்கு சுகரால் ஒரு காலை எடுத்தார்கள். அந்தப் பேச்சையே என் கணவர் எடுக்க மாட்டார். தனக்கு வந்திருந்தால் மறைக்கத்தான் செய்வார்.

கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண் பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, டாக்டர் பார்த்துத்தான் அனுப்பினார், சந்தேகம் இருந்தால் பேஷண்டைக் கூட்டி வாருங்கள் என்றாள். பேஷண்டிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பழைய மாத்திரை இன்னும் பத்து நாளைக்கு இருந்தது. அதையே கொடுத்தேன். புது அட்டையை மருந்து டப்பாவின் அடியில் வைத்தேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் களி கிண்டினேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காததால் என் சந்தேகம் உறுதியானது. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையில் ஒரு கல்யாணம். என் இலையில் இருக்கும் இனிப்பையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர், அன்று தன் இலையில் வைத்த ஜிலேபியை ஓரமாகத் தள்ளினார். எனக்குப் பந்தியிலேயே அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"டாக்டர் உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"

அவர் விழித்தார். "எங்கிட்ட இன்னா சொன்னாரு? உங்கிட்டதானே சொல்லியிருப்பாரு. டப்பால அந்த அட்டையப் பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

யார் யாரிடம் எதை மறைத்தோம் என்று இரண்டு பேருக்குமே விளங்கவில்லை.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டார். டாக்டர் என் ஃபோனை வாங்கிச் சீட்டைப் பார்த்துவிட்டு, வயதைக் காட்டினார். அறுபத்தெட்டு. என் கணவருக்கு ஐம்பத்து மூன்று. நான் பெயரைப் பார்த்தேனே தவிர வயதைப் பார்க்கவில்லை. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ் பக்கம் அதே பெயரில், அதே இனிஷியலில் இன்னொருவர் இருந்தார். அவருடைய சீட்டு எங்களுக்கு வந்திருக்கிறது. எங்களுடையது அவருக்குப் போயிருக்கிறது.

டாக்டரே அவர்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டார். பேசியது அந்த மனிதரின் மனைவி. மாத்திரை சின்னதாகிவிட்டதால் நோய் குறைந்துவிட்டது, டாக்டரே டோஸைக் குறைத்துவிட்டார் என்று இருவரும் சந்தோஷமாக இருந்தார்களாம். டாக்டரின் முகம் மாறியது. உடனே ஆட்டோ பிடித்து வரச் சொன்னார்.

எங்களுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. அரைமணி நேரத்தில் வந்தார்கள். நான்கு நாளாகத் தலைசுற்றல் என்றார் அந்தப் பெரியவர். விரலில் குத்திப் பார்த்ததில் சுகர் ஏறியிருந்தது, கையில் பட்டை கட்டிப் பார்த்ததில் பிரஷர் இறங்கியிருந்தது. ஆபத்தில்லை, ஆனால் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் அவரைப் படுக்க வைத்தார். தப்பு கிளினிக்கினுடையதுதான் என்று நான்கு பேரிடமும் சொன்னார். என் கணவர் உள்ளே போய்ப் பெரியவரின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். சுரங்கத்தில் எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தீர்கள் என்று அவர் கேட்பது வெளியே கேட்டது.

பிறகு டாக்டர் என் கணவரின் ரத்த ரிசல்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"சுகர் இல்லமா. எல்லாம் நார்மல்."

பெரியவரின் மனைவி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நல்லது என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.