அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

பதினோரு தாள்கள். இடது மூலையில் ஒரு பின் ஊசி. ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் இழுத்து மூன்று கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி. நடுக்கட்டத்தில் அதற்கு இன்னொரு பெண் தமிழில் சொன்ன பதில், நடுங்குகிற பழைய கையெழுத்தில். மூன்றாவது கட்டத்தில், அந்தப் பதில் என்று சொல்லி நான் ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டது. இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லாத இடங்களில் எல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கும்: 'இது அந்த அம்மா சொல்லவில்லை.' முதல் தாளில் அப்படி இரண்டு. ஏழாவது தாளுக்கு வரும்போது எழுதியவருக்கே அலுத்துப்போய், வெறும் பெருக்கல் குறி மட்டும் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டுக்குப் பிறகு என் பிழைகளை இத்தனை அக்கறையாக யாரும் திருத்தியதில்லை.

நான் நெரவிக்காரன். காரைக்காலில் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் என்றால், மொபெட்டில் பெட்ரோல் இருக்கிறவன் என்று பொருள். ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்கள் எங்களிடம் இரண்டு மாதப் பயிற்சிக்கு வருவார்கள். சமூகத் தொழில்முனைவு, ஊரக மேம்பாடு என்று அவர்கள் படிப்பில் ஒரு பாடம். கிராமத்துக்குப் போய்ப் பேசி, தேவை என்னவென்று கண்டுபிடித்து, சின்னதாக ஒரு திட்டம் போட்டு, அறிக்கை எழுதி, மதிப்பெண் வாங்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான். சென்னையில் ஆறு மாதம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடல் கடந்த வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கிக் கற்ற ஆங்கிலம் என்னுடையது. மொழிபெயர்ப்பைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. இரண்டு பக்கமும் சிரித்தால் வேலை சரியாக நடக்கிறது. வந்த பிள்ளைகளின் மனசு நோகக்கூடாது. ஊர்க்காரர்களும் முகம் சுளிக்கக்கூடாது. இதற்காக நான் கொஞ்சம் கூட்டுவேன், கொஞ்சம் குறைப்பேன். சமையல்காரன் உப்புப் போடுவதைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டியில் இருந்த மீனையே மாற்றிக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடு தெரிந்தது.

எந்தக் குழு வந்தாலும் நான் முதலில் அழைத்துப் போவது காரைக்கால்மேட்டில் கருவாடு போடுகிற ஓர் அக்காவிடம். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு, ஏலத்தில் நெத்திலி எடுத்துக் காயவைத்து விற்றே மகனை ஆளாக்கியவர். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், அவரும் இன்னும் மூன்று பெண்களும் பழைய வலைகளை விரித்து மீன் பரப்புவார்கள். கடல் காற்று தடையில்லாமல் வந்து தடவிப்போகிற இடம் அது. காய்ந்துவிட்டதா என்று அவர் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். சத்தம் சரியாக இருந்தால் கூடையில் போடுவார். இல்லையென்றால் இன்னொரு நாழி கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார். என்னைக் கண்டதும், "வந்துட்டாருய்யா நெரவி ஜமீனு. இந்த வருசம் எந்த ஊரு புள்ளைய ஓட்டியாந்திருக்கே?" என்பார். அவரிடம் போவதில் எனக்கு இரண்டு வசதி. நன்றாகப் பேசுவார். மதியமானால் மீன்குழம்பு ஊற்றாமல் அனுப்பமாட்டார்.

அந்த வருடம் வந்தவள் பிரான்சைச் சேர்ந்த மாணவி. இருபத்திரண்டு வயது இருக்கும். பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் செல்பேசியில் பதிவுசெய்துகொள்வாள், ஆய்வறிக்கைக்கு வேண்டும் என்று. மற்றவர்கள் வாரம் ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இவள் தினமும் காலையில் சைக்கிளில் வந்துவிடுவாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவோடு உட்கார்ந்து நெத்திலியிலிருந்து பொடிமீனைப் பொறுக்குவாள். காக்கை விரட்டுவாள். அக்கா அவளை 'பாப்பா' என்பார். வெயிலில் பறக்கிற அவள் செம்பட்டை முடியைப் பிடித்து இழுத்து, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிடுவார். இவளுக்குத் தெரிந்த தமிழ் 'போதும்', 'சாப்பிட்டாச்சா', 'நெத்திலி'. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அதைவிடக் குறைவு. ஆறு வாரம் ஒரே தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் இல்லாத நேரங்களில் அவர்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவள் போட்ட திட்டம் நல்ல எண்ணத்தில் போட்டதுதான். இரும்புக் குழாய் நட்டு, பிளாஸ்டிக் சீட்டு போர்த்திய ஒரு கூடாரம். உள்ளே மீன் காய்ந்தால் மணல் ஒட்டாது, ஈ மொய்க்காது. பெண்களே சங்கமாகச் சேர்ந்து பாக்கெட் போட்டு நகரத்துக் கடைகளுக்கு அனுப்பலாம். எங்கள் அறக்கட்டளைத் தலைவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வண்டி வந்து போக வசதியாகவும், பார்வையாளர்களின் கண்ணில் படுகிற மாதிரியும் சாலை ஓரத்திலேயே வைக்கவேண்டும் என்றார். சாலை ஓரம் என்றால் அக்காவின் இடம். குழாய்கள் வந்து இறங்கிவிட்டன. மறுநாள் குழி தோண்ட ஆள் சொல்லியாயிற்று. அன்றைக்கு அந்தப் பெண், முறையாகக் கேட்டுவிட வேண்டும் என்று, அக்காவின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். இந்த இடம் உங்களுக்குச் சம்மதமா? கூடாரத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?

அக்கா கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்த்தே சொன்னார். ஏழாவது தாளின் நடுக்கட்டத்தில் ஒரு சொல் விடாமல் இருக்கிறது. "இங்க வேணாம் பாப்பா. நாங்க நாலு பேரு பொழைக்கிற எடம் இது. அந்தக் கருவக்காட்டுப் பக்கம் சும்மாதானே கெடக்கு, அங்க போட்டுக்க. அப்புறம் இன்னொண்ணு. சீட்டு போட்டு மூடிட்டா காத்து எப்புடி வரும்? மீனு காயாது, வெந்துல்ல போவும். நீ சின்னப்புள்ள, ஒனக்குத் தெரியாது. எங்கிட்ட கேட்டுட்டுச் செய்யி."

நான் சொன்னது இது: நல்ல இடமாகப் பார்த்திருக்கிறாய் என்கிறார். பக்கத்திலேயே இருப்பதால் தினமும் வந்து பார்த்துக்கொள்வாராம். கூடாரத்துக்குள் மீனுக்கு அவ்வளவு கதகதப்பாக இருக்குமாம், இனிமேல் போர்வை கூட வேண்டாமாம்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். போர்வை போர்த்திய நெத்திலி அவள் கண்முன் வந்திருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இத்தனை வருடத்தில் பல காரணங்களைச் செய்து பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஊர் திரும்ப இரண்டு வாரம்தான் இருந்தது. குழாயைத் திருப்பி அனுப்பச் சொன்னால் தலைவர் குதிப்பார். அவள் மதிப்பெண் என்னாவது. எல்லாம் உண்மைதான். ஆனால் அப்போது மணி ஒன்றேகால் ஆகியிருந்தது. எனக்குப் பசி. அக்கா சொன்னதை அப்படியே சொன்னால் பேச்சு மூன்று மணி வரை இழுக்கும். நாலு பேரின் இடத்தை நான் என் வயிற்றுக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன். அந்த வயிறு இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. முன்னைவிடப் பெரிதாக.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்காவின் முகம் எப்படி ஆனது என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மொபெட்டின் சாவியைத் தேடினேன். அவர் கீழே வைத்த மீனை எடுத்து மறுபடி பொறுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் அவளுக்குத் தலை பின்னிவிடவில்லை.

கூடாரம் எழும்பியது. ரிப்பன் வெட்டினோம். கிளம்புகிற நாளில் அந்தப் பெண் தன் துணித்தொப்பியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது. மருமகள் பாதி திறந்து, "அத்தை இல்லீங்க" என்றாள். வாசலில் அக்காவின் செருப்பு கிடந்தது. அந்தப் பெண் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 'அக்கா எங்கே?' என்று ஆங்கிலத்தில் கேட்டாள்; வழக்கம்போல் செல்பேசி பதிவுசெய்துகொண்டிருந்தது. நான், அவருக்குக் கடுமையான காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும் என்று பார்க்க வரவில்லை என்றேன். தொப்பியை அந்தச் செருப்பின் மேல் வைத்துவிட்டு, தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பேருந்து நிலையத்தில் அழுதாள். நான் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா சொன்னபடியே ஆயிற்று. முதல் வாரத்திலேயே மீன் வெந்து, தொட்டால் உதிர்ந்தது. அடுத்து வந்த மழைக்காலத்துக் காற்று சீட்டைக் கிழித்துக்கொண்டு போனது. சிமெண்டு போட்டு நட்ட குழாய்கள் மட்டும் துருவேறி நின்றன. வலை விரிக்க இடமில்லாமல் மற்ற மூவரும் தெற்கே எங்கோ ஒதுங்கினார்கள். அக்கா, காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற இறால் உரிக்கும் கொட்டகைக்குக் கூலிக்குப் போனார். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை. என்னை வழியில் பார்த்தால் "என்ன தம்பி" என்பதோடு சரி. ஜமீன் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து மின்னஞ்சலில் வந்தவைதான் இந்தத் தாள்கள். அந்தப் பெண் வேலைக்குப் போன ஊரில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போமே, அப்படி ஒருவர். பிறந்தது காரைக்காலில். அக்காவின் குரலைக் கேட்டால் அவருக்கு ஊர் நினைவு வந்து சந்தோஷப்படுவார் என்று பதிவுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் எழுதியிருந்தது சில வரிகள்தான். 'முதலில் அவர் உங்கள் நகைச்சுவையைக் கேட்டு ரொம்பச் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். காகிதம் கேட்டார். இதை அக்காவிடம் படித்துக் காட்டுவீர்களா?'

ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தபோது கடைக்கார பாய் இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த ஆளு? அந்தம்மா ஒண்ணு சொன்னா இவன் வேற ஒண்ணு புளுகியிருக்கான்" என்றார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன்" என்றேன். "வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார். "சம்பளம் ஏத்திட்டாங்க" என்றேன். அவர் சிரித்தார். என் கொள்கைப்படி அங்கேயும் வேலை சரியாக நடந்தது.

தாள்கள் எட்டு மாதம் இழுப்பறையில், என் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்தன. கொட்டகைக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். விரல்கள் ஐஸில் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. யார் அனுப்பியது, எந்தப் பெரியவர் எழுதியது என்று சொல்லிவிட்டு, நான் முதல் தாளிலிருந்து படித்தேன். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே. நான் சொன்னதைத் தமிழில் மாற்றி. இந்த ஒருமுறை ஒன்றும் கூட்டவில்லை. ஏழாவது தாள் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப நான் வேணாம்னு சொன்னது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"எடத்த விட்டுருன்னு கெஞ்சுறேன், அது சிரிக்கிதேன்னு இருந்தேன். அது எதுக்குத்தான் சிரிச்சிச்சு?"

போர்வையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு வருசமா அந்தப் புள்ளைய ஏசிக்கிட்டுக் கெடந்திருக்கேன்" என்றார். "அதோட தொப்பிய எடுத்து மூங்கில் கழியில மாட்டி, காக்கா வெரட்ட வச்சேன். மழையில நைஞ்சு போச்சு." பிறகு எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "போன எடு. பேசுனா அப்புடியே போவுமில்ல? அந்தப் பெரியவரு அங்க இருக்காருல்ல? நீ வாயத் தொறக்காத."

நான் பதிவை அழுத்திவிட்டு செல்பேசியை அவர் முன்னால் நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாப்பா, நான்தான். அன்னிக்கி நான் வீட்டுலதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றேன். முடிந்ததும் ஒரு சொல் சேர்க்காமல் அனுப்பினேன். பதில் மருமகளின் எண்ணுக்கே நேராக வந்தது. என்ன வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து வந்த குழுவை அந்தக் குழாய்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். தலைவரும் வந்திருந்தார். அக்கா சொல்ல, சொன்னதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் என்னைக் கண்ணால் அதட்டினார். ஆனால் பிள்ளைகள் எழுதிக்கொண்டுவிட்டார்கள். குழாய்களை அறுத்தெடுக்க மேலும் இரண்டு மாதம் ஆனது. மூன்று பெண்கள் திரும்பி வந்து வலை விரித்திருக்கிறார்கள். அக்கா வரவில்லை. விரல்கள் மரத்துவிட்டன, குலுக்கினால் பிடி நிற்கவில்லை என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து, அவர்கள் குலுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறார். என்னை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்.

டப்பாவை இப்போது வேறு இடத்தில் வைக்கிறேன். தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. பதினோராவது தாளின் கடைசி வரி, அந்தப் பெண் கிளம்பிய நாள். முதல் கட்டத்தில் 'அக்கா எங்கே?' மூன்றாவது கட்டத்தில் 'காய்ச்சல்'. நடுக்கட்டத்தில் பெரியவர் எதுவும் எழுதவில்லை. அங்கே அக்காவின் குரல் இல்லை. போன வாரம் அதில் என் பேனாவால் எழுதினேன்: 'அன்னிக்கி நான் வீட்டுலதான் இருந்தேன்.' பக்கத்துக் கட்டத்தில் இருந்த 'காய்ச்சலை'க் கோடிட்டு அடித்தேன். அடித்த இடத்தில் வேறொன்றும் எழுதவில்லை.