கடைசி ஓவர்க்காரன்

ஓசூருக்கு வந்த புதிதில் ஒன்று எனக்கு விசித்திரமாக இருந்தது. கோவில்பட்டியில் புதிய ஆளைக் கண்டால் யார் வீட்டுப் பையன் என்பார்கள். இங்கே டீ ஆற்றிக்கொண்டே, "இப்போ எந்தக் கம்பெனி?" என்கிறார்கள். இருபத்திரண்டு வருடங்களில் அதற்கு ஒன்பது பதில்கள் சொல்லிவிட்டேன். எல்லாம் ஒப்பந்த வேலை. ஒரு கேட் மூடினால் இன்னொன்று திறக்கும். திறப்பதற்குப் பாதிக் காரணம் என் பந்துவீச்சு. கம்பெனிகளுக்கிடையே ஞாயிறுதோறும் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் எனக்குக் கடைசி ஓவர் மட்டும்தான்; மற்றவர்கள் கெடுத்து வைத்ததை நான் காப்பாற்ற வேண்டும். ஊரில் ஒரு தெரு அணியில் சேர்ந்தால் கடைசிவரை அதே தெருதான். எதிர்த் தெருவுக்கு வீசினவனைக் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இங்கே கம்பெனிக்கொரு சட்டை. வீசிய ஒவ்வொரு ஓவரையும் அன்றன்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற மாத இறுதியாட்டம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியிலுள்ள மைதானத்தில் நடந்தது. எதிரணி என் பழைய கம்பெனி. அங்கே மூன்று வருடம் என் பந்துகளுக்கு விக்கெட் கீப்பராக நின்ற கிருஷ்ணகிரி ரபீக், இடைவேளையில் நேராக என்னிடம் வந்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் பச்சையா? ஒரு பனியனையாவது கிழியிற வரைக்கும் போடுங்களேன்!"

சிரித்துவிட்டேன். மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றான். என் வேலையைப் பற்றிக் கேட்டான். ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது, யாரை வைத்துக்கொள்வது என்ற லிஸ்ட்டை எழுதுவது எங்கள் கேப்டன்தான் என்றேன். சொன்ன பிறகுதான், எதிரணிக்காரனிடம் இதை ஏன் சொன்னோம் என்றிருந்தது.

கேப்டன் மஞ்சுநாத் எங்கள் சூப்பர்வைசர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.

"அவன் என்னாண்ணா சொன்னான்?"

"மகளுக்கு நிச்சயமாம்."

"அதுக்கா இவ்ளோ சிரிப்பு?"

எனக்குக் கன்னடம் வராது என்ற நினைப்பில் பக்கத்திலிருந்தவனிடம், "இவனு அவர கடெயவனே" என்றான். நான் அவர்கள் பக்கத்து ஆளாம். பிறகு ஏன் கடைசி ஓவரை எனக்கே கொடுத்தான்? தோற்றால் பழிபோட ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கும்.

கடைசிப் பந்தில் அவர்களுக்கு நான்கு ரன் வேண்டும். மட்டையோடு ரபீக். மெதுவான பந்து என்று முடிவு செய்தேன். ஓடத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது: பந்தை இடது தோளில் துடைத்திருக்கிறேன். 'மெதுவான பந்து, முன்னால் வந்து நில்' என்று பழைய அணியில் கீப்பருக்கு நான் காட்டி வந்த ஜாடை அது. கை பழக்கத்தில் செய்துவிட்டது. அதை அறிந்த ஒரே ஆள் எதிரே நிற்கிறான்.

பந்து வந்து சேருமுன்பே ரபீக் வேகமாக மட்டையைச் சுழற்றினான். ஸ்டம்பு சாய்ந்தது.

மஞ்சுநாத் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அண்ணா, லிஸ்ட்ல முதல் பேரு உங்களுதுதான்!"

அன்று நோட்டில் 'ஒரு விக்கெட்' என்று எழுத முடியவில்லை. ஜாடையைப் பார்த்தும் வேண்டுமென்றே விட்டாயா என்று ரபீக்கிடம் கேட்கவும் முடியாது. ஆமாம் என்றால் இந்த வேலை அவன் கொடுத்தது. இல்லையென்றால் அவன் ஆட்டத்தையே நான் சந்தேகித்ததாகிவிடும்.

கோப்பையோடு எடுத்த படம் கம்பெனி வாட்ஸப் குழுவில் வந்தது. மஞ்சுநாத்தின் கை என் தோளில் இருக்கிறது. பத்துப் பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். என் முகம் மட்டும் திரும்பியிருக்கிறது, எதிரணியினர் ஷூ கழற்றிக்கொண்டிருந்த பக்கமாக.