கேட்காமல் போட்ட புள்ளிகள்

போன மழைக்காலத்தில், என் மனைவி ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு கதையை நான் நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. எழுதியவருக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

தொலைக்காட்சியில் ஓர் இந்தியத் தொடர் நாடகத்தை அவள் வருடக்கணக்காகப் பார்த்து வந்தாள். அதில் மாமியார் மருமகளைப் படுத்தாத பாடில்லை. கடைசியில் மருமகளை வீட்டை விட்டுத் துரத்துவதோடு நாடகத்தை முடித்துவிட்டார்கள். மனைவிக்கு மனம் ஆறவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் மகள், "அம்மா, இதோட மிச்சக் கதைய ரசிகர்களே எழுதுறாங்க" என்று சொல்லி அவளுடைய போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று இதற்குப் பெயராம். பிறர் உருவாக்கிய மனிதர்களை எடுத்துத் தங்கள் விருப்பப்படி வாழவைக்கிறார்கள். சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. ஏன் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே வியப்பு.

எனக்குக் கண்ணில் வெண்புரை எடுத்திருந்த சமயம் அது. படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பின்னேரங்களில் மனைவி வாசிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் மாமியார் மனம் திருந்தி மருமகளைத் தேடி வருகிறாள், கூட்டிப் போகிறாள், கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள். இதற்கே மூன்று அத்தியாயம். நான்காவதில் மருமகள் இன்னொரு கோப்பை கேட்கிறாள்.

நான் கல்வி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில் பல காலம் சிறுகதைக்கு நடுவராக உட்கார்ந்தவன். கண் சரியானதும் முதல் வேலையாக, என் போனில் அதே செயலியை இறக்கி, 'வாசகன்' என்ற பெயரில் அந்தக் கதைக்குக் கீழே நீண்ட கருத்து ஒன்று எழுதினேன். நடை தெளிவாக இருக்கிறது என்று தொடங்கினேன். பிறகு, கதையில் எதுவும் நடக்கவில்லை, முரண் இல்லை, எந்த மாமியாரும் மருமகளுக்குக் கதிரை இழுத்துப் போடுவதில்லை, நம்பகத்தன்மை வேண்டும் என்றேன். பழக்க தோஷம், கருவுக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு என்று தனித்தனியே புள்ளியும் போட்டேன். கூட்டிப் பார்த்தால் தேறுவதற்கான சித்திப் புள்ளிக்குச் சற்றுக் கீழே வந்தது. இரக்கப்பட்டு ஐந்து புள்ளி சேர்த்தேன்.

மறுநாள் மற்ற வாசகர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, உங்களை ஆர் பேப்பர் திருத்தக் கேட்டது?" என்று யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒருத்தி கேட்டாள். "அங்கிள், கல்யாண வீட்டுக்குச் சாப்பிட வந்தீங்களா, சாம்பாருல உப்புப் பாக்க வந்தீங்களா?" என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் வரவில்லை. குறை சொல்லாவிட்டால் ஒருவர் எப்படி வளர்வார் என்று பதில்கூட எழுதினேன். சில நாள் கழித்து எழுதியவரிடமிருந்து, "இனி எழுதப் போறதில்ல. இதுவரைக்கும் படிச்சவங்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது.

மனைவி பின்னேரம் போனைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிவைப்பாள். மறுநாளும் அப்படியே. நான் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொள்வேன்.

ஒருநாள் குசினியில் தேத்தண்ணி வடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பாவி யாருன்னு மட்டும் தெரியட்டும். பெரிய நீதவான்னு நெனப்பு."

"நான்தான்" என்றேன்.

"எது நீங்கதான்?"

"அந்த வாசகன்."

வடிகட்டியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"மாமியா கதிரை இழுத்துப் போட்டது பொய்யின்னு எழுதினது நீங்களா?"

"ஆமா. நம்புற மாதிரி இல்லையே."

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானேங்க படிச்சேன்."

வடிகட்டியை எடுத்து மறுபடி வடிக்கத் தொடங்கினாள். என் அம்மா உயிரோடு இருந்த வரையில் எங்கள் வீட்டில் இவள் கதிரையில் உட்கார்ந்ததில்லை. அம்மா அறைக்குள் வந்தால் எழுந்துவிட வேண்டும். தேத்தண்ணியைக் குசினியில் நின்றபடி குடிப்பாள். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். கண்டி நகரத்தில் கடை வைத்திருந்த எங்களைப் போன்ற பல குடும்பங்களில் அப்படித்தான். நான் தினமும் பார்த்தேன். ஒருநாளாவது, "அம்மா, அவளும் உட்காரட்டும்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் பேசாதிருந்துவிட்டு, கேட்காத இடத்தில் போய்ப் பேசியிருக்கிறேன்.

எழுதியவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைப் படித்தால் மன்னிப்பு கேட்கிற மாதிரி இல்லை, என் புள்ளிகளுக்கு விளக்கம் மாதிரி இருந்தது. அழித்தேன். பிறகு நடந்ததை அப்படியே எழுதினேன். நாங்கள் கண்டியில் இருக்கிறோம், என் மனைவி புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், உங்கள் கதையைத் தினமும் தேடுகிறாள், நிறுத்த வைத்தது என் தவறு என்றேன். கூடவே, அறியும் ஆசை விடவில்லை, ஒரு கேள்வியும் கேட்டேன்: முதலில் அனுமதி கேட்டிருந்தால், குறை சொல்ல விட்டிருப்பீர்களா?

இரண்டு நாளில் பதில் வந்தது. "கோவமில்ல ஐயா. வெக்கமாப் போச்சு. வேலைக்குப் போற பஸ்ல எழுதுறது. புள்ளியப் பாத்ததும் ஸ்கூல்ல முட்டி போட்ட ஞாபகம் வந்திருச்சு. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். சில நாள் சரின்னு சொல்லியிருப்பேன், சில நாள் வேணாம்னு."

சில நாள் சரி, சில நாள் வேண்டாம். இதை நான் யோசித்ததே இல்லை. போட்டிக்கு வந்த பிள்ளைகள் தீர்ப்புக்கென்றே கதையைத் தந்தார்கள். இவர் யாரிடமும் எதையும் தரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, தனக்கும் என் மனைவியைப் போன்ற சிலருக்கும் ஓர் இடம் போட்டு வைத்தார், அவ்வளவுதான். அப்படியென்றால் குறையே சொல்லக்கூடாதா? அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு ஒரு பின்னேரம் மனைவி வாசலில் இருந்தே கூப்பிட்டாள். "என்னங்க, வந்திருச்சு!"

"நானும் கேக்கலாமா?"

"வாயத் தொறக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். புதிய அத்தியாயத்தில் மாமியாரும் மருமகளும் இலங்கைக்குச் சுற்றுலா வருகிறார்கள். கண்டியில் இறங்குகிறார்கள். அங்கிருந்து புசல்லாவையில் இருக்கும் மருமகளின் பெரியம்மாவைப் பார்க்க ரயில் ஏறுகிறார்கள். மனைவி என் பக்கம் திரும்பினாள். "என் ஊருக்கு வாராங்க" என்றாள்.

புசல்லாவைக்கு ரயில் பாதையே கிடையாது. கம்பளையில் இறங்கி பஸ்தான் பிடிக்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளும் நிறுத்தினாள், திரும்ப ஒருமுறை வாசித்தாள், சிரித்தாள்.

"புசல்லாவைக்கு ரயிலாம்! நான் பொறந்த நாள்ல இருந்து பாத்ததில்ல."

"சொல்லவா?" என்றேன்.

"சும்மா இருங்க. ரெண்டு பேரும் ஜன்னலோரமா உக்காந்துட்டாங்க."

மறுநாள் காலை என்னால் இருக்க முடியவில்லை. எழுதியவருக்கு ஒரே வரி அனுப்பினேன்: "ஒரு விஷயம் சொல்லலாமா?"

மதியம் பதில் வந்தது. "இப்ப வேணாம் ஐயா. அவங்க இன்னும் ரயில்லதான் இருக்காங்க. எறங்கினப்புறம் நானே கேக்குறேன்."