பாதி டேங்க்

பாலத்துச் சரிவில் அப்பா இன்ஜினை அணைத்ததும் காதடைத்ததுபோல் ஓர் அமைதி வரும்; டயர் தாரில் உருளும் "சர்ர்" மட்டும் கேட்க, எங்கள் பழைய கார் பிள்ளையார்பாளையத்துத் திருப்பம் வரை ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்காமல் ஓடிவரும். முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அப்பாவுக்குத் தொழில். "மைலேஜ்" பார்ப்பது பக்தி. தூரத்தில் ஒரு மாடு தெரிந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், டிக்கியில் ஒரு குடை கூடுதலாகக் கிடந்தாலும் வீட்டுக்குள் எறிவார், டேங்க்கை மட்டும் ஒருநாளும் நிரப்ப மாட்டார். "ஃபுல்லா ஊத்துனா அந்த வெயிட்டையும் வண்டிதானேம்மா தூக்கிக்கினு ஓடணும்?" என்பார். தெருவே சிரித்தது. எனக்கோ காஞ்சிபுரத்தில் அப்பாவைப் போல் கார் ஓட்ட ஆளில்லை என்பதில் அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

அந்தப் பாதி டேங்க்தான் ஒரு கருட சேவை நாளில் எங்களை மாட்டிவிட்டது. கூரத்தில் இருந்த சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, சொன்ன நாளுக்கு முன்பே இடுப்புவலி கண்டுவிட்டது என்று போன் வந்தது. முந்தின நாள் சவாரியில் பெட்ரோல் கரைந்திருந்தது. வழியிலிருந்த ஒரே பங்க்கையும் திருவிழாவுக்கு வந்த வண்டிகள் துடைத்துவிட்டிருந்தன. அப்பா, அம்மா, நான் மூவரும் கூரம் போய்ச் சேர்ந்தபோது பெட்ரோல் முள் அடிமட்டத்தில் படுத்துக்கிடந்தது. சித்தியோடு அவள் மாமியார், இரண்டு நாத்தனார்கள், துணிமூட்டை, வெந்நீர்க் குடம் என்று எல்லாம் காரில் ஏறிக்கொள்ள, அப்பா கதவைத் திறந்துவைத்தார்.

"எறங்குங்கம்மா, எல்லாரும் பின்னாடி பஸ்ல வாங்க. வெயிட்டு தாங்காது."

"என்னையும் எறக்கி வுட்டுடுவீங்களா?" என்று அம்மா முறைத்தாள்.

"நீ வா. நம்ம பொண்ணு ஒல்லிதானே, அதுவும் இருக்கட்டும்."

சித்தி பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்தன. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பாவோ டாப் கியரில் ஒரே சீராக, ஏரிக்கரை மேட்டில் கெஞ்சிக் கொஞ்சி ஏறி, இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருளவிட்டு, எங்கும் பிரேக் மிதிக்காமல் ஆஸ்பத்திரித் தெருமுனை வரை கொண்டுவந்துவிட்டார். அங்கே இரண்டு முறை உதறிவிட்டு வண்டி நின்றது. பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப்பார்த்து, விஷயம் புரிந்ததும் "கோவிந்தா" போட்டுக்கொண்டே தள்ளத் தொடங்கினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா, "தள்ளுனதும் மைலேஜ்லதாம்பா சேரும்" என்றார். சித்தி அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தம்பி பிறந்தான்.

அந்தக் கார் போய்விட்டது. மூலைக்கு மூலை பங்க் வந்துவிட்ட ஊரில், பெட்ரோல் முள்ளைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இல்லை. தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான். ஏசியை முழுக்க வைத்து, சிக்னலில் உறுமவிட்டு, ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஓட்டினால் நூறு குற்றம் சொல்லும் அப்பா, அவன் பக்கத்தில் வாயே திறப்பதில்லை. போன வாரம் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு அவனுக்காகத்தானே சொட்டுச் சொட்டா சேத்தேன்" என்றார் அப்பா. "செலவு பண்ணட்டும், வுடும்மா."