தேசப்பனுக்கு விழாத சீட்டு

சென்ட்ரலிலிருந்து காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினேன். அங்கே ஒரு டீ. பிறகு பழவேற்காட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் பஸ். படியேறும்போதே முழங்கால் இரண்டும் புலம்பின. கொல்கத்தா, கோவா, கோழிக்கோடு என்று ஏழு கால்பந்து அணிகளுக்கு உழைத்த கால்கள். ஆடினேன் என்று பெருமையடிக்க முடியாது. எவனுக்காவது அடிபட்டால்தான் என்னை இறக்குவார்கள்; மற்ற நேரமெல்லாம் ஓரத்து பெஞ்சுதான். இப்போது சென்னையில் ஒரு கம்பெனி அணிக்குக் கோச்.

அணியில் ஓர் இடம் காலி. வருகிறவனுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலையும் உண்டு. ஆனால் இருபத்து மூன்று வயதுக்குள் சேர வேண்டும். என் பழைய பெஞ்சுக் கூட்டாளி ஏழுமலை பழவேற்காடு ஏரிக்கரையில் தன் மீனவக் குப்பத்தில் ஆட்டம் சொல்லித் தருகிறான். அங்கே தேசப்பன் என்று ஒருவன் இருப்பதாகப் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். தேசப்பனுக்கு அடுத்த மாதம் இருபத்து மூன்று. "சரிடா, உங்க ஊருக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்" என்றேன். என் வாய்தான் வம்பு.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பாலம் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பத்தையும் கடந்து போனது. நூற்றைம்பது ரூபாய். "ஏரியில இன்னா சார் கீது? முகத்துவாரம் மண்ணு மூடிப் போச்சு. அப்பால இறா எங்கேர்ந்து வரும்?" என்றார் ஆட்டோக்காரர். கரையில் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின் நிழலில் ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழுமலை கூட்டிப்போன மைதானம் என்பது மீன் காயவைக்கும் மணல்வெளிதான். ஐயோ, தேசப்பனுக்கு என்ன கால்! வெறுங்காலோடு, அந்த மணலில், மூன்று பேரைத் தாண்டி அடித்தான். எனக்கு வயிறெரிந்தது. இதில் பாதி இருந்திருந்தால் நான் பெஞ்சைத் தேய்த்திருப்பேனா?

"இவன்தான். இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "இல்ல நைனா. சீட்டு கோபிக்கு உழுந்துச்சு."

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதை இங்கே சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கெட்டிக்காரன், மந்தன் என்ற பேச்சே கிடையாது. ஊருக்கு ஓர் இடம் என்று நான் சொன்னதை ஏழுமலை அப்படியே ஊர்க்கூட்டத்தில் வைத்திருக்கிறான். அவர்களும் அணியில் இருந்த அத்தனை பெயரையும் எழுதிக் குலுக்கிவிட்டார்கள்.

"அடப்பாவி, இது மீனாடா?"

"ஊருக்குன்னு வந்தா எல்லாம் பாடுதான். நானா ஒருத்தனைக் கை காட்டினா வெட்டிக்குவானுங்க."

கோபி மாற்று கோல்கீப்பர். சற்றுமுன் வந்த பந்தையெல்லாம் விட்டவன். புதுச் சட்டையும் பையுமாக வந்து நின்றான். "எப்போ சார் கெளம்பணும்?"

முடியாது தம்பி என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா கைல சொல்ட்டேனே சார்" என்றான்.

தேசப்பனைப் படகோரமாக அழைத்துப்போய்க் கெஞ்சினேன். அடுத்த மாதம் வயது தாண்டிவிடும், பிறகு யார் நினைத்தாலும் முடியாது என்றேன். அவன் காலிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"தெரியும் சார். ஆனா அது கோபியோட பாடு. நான் எட்த்துக்கினா திருட்டு. அப்பால எங்கண்ணன் இந்த ஏரியில எப்டி வலை போடுவாரு? ஒருத்தனும் மூஞ்சி குடுத்துப் பேசமாட்டான்."

"உனக்கு ஆசை இல்லையா?"

"இல்லாமயா?" என்றான். வெறுங்கையோடு திரும்பினேன்.

சென்னையில் அந்த இடம் ஒரே வாரத்தில் நிரம்பியது. மேனேஜரின் அண்ணன் மகன்; பந்து வந்தால் ஒதுங்கிக்கொள்கிறான். தினமும் அவனுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். கோபியாவது சீட்டு விழுந்து வந்திருப்பான்.