பனி தள்ளும் பிளேடும் எங்கள் இட்டேரியும்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பனி கொட்டியதில்லை. சோடாக் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்த ஐஸ் கட்டிதான் நாங்கள் கண்டது. அப்படியிருந்தும் எழுபதுகளின் நடுவில் என் அண்ணன், வெளிநாட்டு வீதிகளில் கொட்டிக் கிடக்கும் பனியை ஓரம் தள்ளுவதற்கென்று வடிவமைத்த ஒரு பிளேடை எங்கள் சின்ன டிராக்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதை அவர் தேர்ந்தெடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு சாமான் வாங்குவதற்கு முன் இரண்டே கேள்விகள்தான். பங்காளி வீட்டில் எது இருக்கிறது, அதைவிடப் பெரிதாக எங்கே கிடைக்கும். வேலைக்கு ஆகுமா என்று எவனாவது கேட்டால் அவனுக்கு விவரம் பத்தாது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் விவரம் பத்தாதவன் நான்.

அப்பா போன பிறகு பெரியவர்கள் கூடிப் பாகம் பிரித்தார்கள். கிணற்றை ஒட்டிய வயல் அண்ணனுக்கு. இட்டேரிக்கு அந்தப் பக்கம் மழையை நம்பிக் கிடந்த மேட்டு நிலம், எங்கள் பேச்சில் மேட்டுக்காடு, எனக்கு. "கனால் தண்ணி வந்துருச்சுன்னா அதும் வயலுதானப்பா" என்று சொல்லி வாயில் வெற்றிலையை மென்றபடி எழுந்து போனார்கள். கனால் என்கிற அந்தப் பாசனக் கால்வாயும் வெட்டி முடிந்தது. அதை மேற்பார்த்த ஓவர்சியர் ஒரு நாள் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆடி பதினெட்டுக்குள் மேடு பள்ளம் இல்லாமல் நிரவி வைத்தால் கனால் தண்ணீர் திறந்துவிடும் மடைப் பட்டியலில் சேர்ப்பதாகவும், இல்லாவிட்டால் காட்டை விட்டுவிட்டுப் போய்விடுவதாகவும் பாதி மலையாளத்தில் சொன்னார்.

மடை கிடைத்தால் காட்டிலேயே ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு போய்விடுவது என்று நானும் என் மனைவியும் பேசி வைத்திருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷமாக அவள் அண்ணன் வீட்டு அடுப்பில், அண்ணி அளந்து போடுகிற பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதைக்கூட அவளால் முடிவு செய்ய முடியாது. அவள் கேட்டது தனி அடுப்பு ஒன்றுதான்.

இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம். என் காட்டுக்குப் போக அது ஒன்றே வழி. மற்ற எந்தப் பக்கம் போனாலும் பங்காளியின் நிலத்தை மிதிக்க வேண்டும். பங்காளி என்றால் எங்கள் பெரியப்பாவின் மகன், அண்ணன் வயதுதான். தடத்தின் நடுவில் ஓரிடத்தில் இரண்டு எல்லைக்கற்கள் எதிரெதிரே நிற்கும். ஒன்று எங்களுடையது, ஒன்று அவருடையது. வேலியை வெட்டலாம், கல்லைத் தொடக்கூடாது. தொடவேண்டுமானால் இரண்டு வீட்டாரும் கூடி நின்று தேங்காய் உடைத்துத்தான் பிடுங்கி நடவேண்டும். அதற்கு ஒருவர் வாசலுக்கு மற்றவர் போய்க் கேட்க வேண்டும். இழவு வீட்டில் மட்டும் பேசிக்கொள்கிறவர்கள் எங்கே போய்க் கேட்பது? தாத்தா காலத்துக் கல் தாத்தா காலத்து இடத்திலேயே நின்றது.

வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டி அந்தக் கற்களுக்கு நடுவே போகுமா என்று என் மனைவிக்குச் சந்தேகம். ஒரு சாயங்காலம் இருவரும் போனோம். ஒரு மூங்கிலை இரண்டு கல்லையும் சரியாக முட்டி நிற்கும்படி வெட்டினேன். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்கு வந்து பீரோவின் மேல் மூங்கிலை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, பீரோ போயிருமுங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மூங்கிலைக் கதவுக்குப் பின்னால் பத்திரமாகச் சாத்தி வைத்தாள்.

டிராக்டர் வாங்கிய பெருமையில் அண்ணன் காளைகளை விற்றுவிட்டிருந்தார். அதனால் மேட்டை நிரவ வேண்டுமென்றால் டிராக்டருக்கு முன்னால் பிளேடு வைப்பதுதான் வழி. சும்மாவா வைப்பார்? பங்காளி அதற்கு முந்தைய மாதமே தன் டிராக்டருக்கு ஒன்று வைத்துவிட்டார். அந்த வண்டி நெல் மில்லின் முன்னால் நின்றபோது அண்ணன் செய்த காரியத்தை ஊரே பார்த்தது. வியர்வையைத் துடைத்த துண்டைக் காயப்போடுகிறவர் மாதிரி பிளேடின் மேல் விரித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துப் பிடித்து, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மில்காரர் தவிடு மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அந்த முடிச்சை அவிழ்க்காமலே கோயமுத்தூரில் ஓர் இரும்புப் பட்டறைக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனோம்.

பட்டறைக்காரர் வேலை தெரிந்தவர். எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். எங்கள் வண்டி போலவே ஒரு சின்ன டிராக்டர். முன்னால் இடுப்புயர பிளேடு, மேல் விளிம்பு உள்வாட்டமாகச் சுருண்டிருந்தது. அதற்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு குவியல்.

அண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். "இத்தன பஞ்சையும் வீதில கொட்டிப்போட்டுத் தள்றானே, மடப்பய" என்றார்.

"பஞ்சு இல்லீங்க, பனிக்கட்டிங்க. இந்த வடிவம் அதைத் தள்றக்குத்தானுங்க. லேசான சாமான். நம்ம செம்மண்ணுக்குக் குட்டையா, கனமா வேணும். அகலமும் பின்சக்கரத்தை மறைச்சாப் போதுமுங்க. சின்ன வண்டி, அதுக்கு மேல போனா மண்ணுல முக்கிட்டு நின்னுக்கும்."

"இதேதான் வேணும். அவனூட்டுது மொட்டையா இருக்குது. இது சுருண்டு அழகா இருக்குதல்லோ" என்றார் அண்ணன். பிறகு துண்டை எடுத்து மேஜை மேல் விரித்து முடிச்சைக் காட்டினார். "இதுக்கு மேல ஒரு சாண்."

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த பக்கத்தில் இன்னொரு வகை இருந்தது. ஆணியைக் கழற்றினால் பிளேடை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளலாம். சாய்த்தால் அகலம் குறையும், சந்து பொந்திலும் போகலாம். "கோணலா இருக்கறதெல்லாம் நம்மூட்டுக்கு ஆகாது" என்று அண்ணன் பக்கத்தைத் திருப்பிவிட்டார். போல்ட்டு போட்டு மாட்டட்டுமா, வேண்டும்போது கழற்றலாம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. "கழட்ட வந்துச்சுன்னா நாளைக்கு எவனாச்சும் இரவல் கேப்பான். இல்லேன்னு சொல்ல முடியாது. நீங்க வெல்டிங்ல பத்த வெச்சுருங்க." இரவல் கேட்கக்கூடிய ஒரே ஆள், ஏற்கெனவே சொந்தமாகப் பிளேடு வைத்திருக்கிற பங்காளி.

கடைசியாகப் பட்டறைக்காரர் சாக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "வண்டி போற தடம் எத்தன அகலமுங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு விஷயம் கேட்டது அன்றைக்குத்தான். "ஏண்டா, இட்டேரி பத்துமல்லோ?"

எனக்குத் தெரியும். என் கண் முன்னால் அந்த மூங்கில் நின்றது. முடிச்சுக்கு மேல் ஒரு சாண் என்றால் பிளேடு அந்த மூங்கிலைவிட நாலு விரல்கடை நீளம். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் காடு ஞாபகம் வரவில்லை, மடை ஞாபகம் வரவில்லை. இந்த மனுஷன் ஊர் பார்க்க அந்தக் கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் இருந்தது. நாக்கில் தேன் தடவியது போல இருந்தது.

"பத்துமுங்ணா" என்றேன்.

நான்கு நாள் கழித்து வண்டி ஊருக்கு வந்தது. பிளேடுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அண்ணி ஆரத்தி எடுத்தாள். என் மனைவி வாசற்படியில் நின்று பிளேடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கு அந்த மூங்கலைக் கொண்டுட்டுப் போனீங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு போ" என்றேன்.

அடுத்த நாள் காலையில் அண்ணன் தலைப்பாகை கட்டிக்கொண்டு வண்டியை இட்டேரிக்குள் விட்டார். வேலிக்கு இருபுறமும் ஆட்கள். பங்காளியும் தன் காட்டில் வேலியோரமாக வந்து நின்றார். பிளேடின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இரண்டு கல்லிலும் டங்கென்று மோதின. அண்ணன் பின்னால் எடுத்து இன்னொரு முறை முட்டினார். பிறகு இறங்கி வந்து, கல்லைப் பார்த்தார், பிளேடைப் பார்த்தார், இரண்டில் எது வளர்ந்துவிட்டது என்று தெரியாதவர் போல. யாரோ ஒருவர் சிரித்தார். நான் ஆசைப்பட்ட காட்சி கிடைத்துவிட்டது. கால் நாழிகை நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பங்காளி இடத்தைவிட்டு நகரவில்லை. கேட்டால் கல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற முகத்தோடுதான் நின்றார். கேட்பதற்காகவே நின்றார் என்றும் சொல்லலாம். அண்ணன் கேட்கவில்லை. வண்டியைப் பின்பக்கமாகவே வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தத் திறமையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நீதானடா பத்துமுன்னு சொன்னே? போயிக் கேளு, உன்ற காடுதானே" என்றார் என்னிடம், வீடே கேட்க.

"அவங்கிட்டப் போயி நான் நிக்கறதா?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது. அச்சு அசல் அண்ணனின் குரல்.

இரண்டு நாள் கழித்துப் பங்காளியே பண்ணையாளை அனுப்பினார். தன் வண்டி சும்மாதான் நிற்கிறது, மூன்று நாளைக்குக் கொண்டுபோய் நிரவிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய பிளேடு அந்தக் கற்களுக்கு நடுவே தாராளமாகப் போகும். "எங்குளுக்கு வண்டி இருக்குதுன்னு சொல்லு" என்று அண்ணன் திருப்பி அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் நானும் அண்ணனும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வெல்டிங்கை அறுக்கலாம் என்றால், குங்குமம் வைத்ததை அறுப்பதா என்று அண்ணி அழுதாள். "நான் போயிக் கேட்டுட்டு வரட்டுங்களா? பொம்பள கேட்டா ஒண்ணும் கொறைஞ்சு போகாதுங்க" என்றாள் என் மனைவி. வீட்டு மானம் என்று ஏதோ சொல்லி அவளைத் தடுத்தேன். எங்கள் வீட்டு மானம் அப்போது வாசலில் குங்குமத்தோடு நின்றுகொண்டிருந்தது, அதன்மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஆடி பதினெட்டு வந்தது. ஓவர்சியர் வந்து இட்டேரியிலேயே நின்று மேட்டைப் பார்த்தார், காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார், போனார். தண்ணீர் வந்தது. பங்காளியின் வயலுக்குப் போயிற்று, அண்ணனின் வயலுக்குப் போயிற்று. என் காட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பனி தள்ளும் பிளேடு களத்தில் சாணம் தள்ளியது. அதற்கு அது நன்றாகவே உதவியது.

என் மனைவி சண்டை போடவில்லை. தண்ணீர் விட்ட அன்று மத்தியானம் கதவுக்குப் பின்னாலிருந்து மூங்கிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பிளேடின் மேல் அதை வைத்து, மிச்சம் இருந்த இடத்தை விரல்களால் அளந்தாள். நாலு விரல்.

"தெரிஞ்சேதான் பத்துமுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

நான் கோழியை விரட்டப் போனேன். அவள் மூங்கிலின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிச் சமையலறைக்குப் பின்னால் கொடியாகத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அண்ணி அளந்து போட்ட பருப்பைத்தான் வேகவைத்தாள். ஒன்பது வருஷமும் என் வேட்டியை அந்த மூங்கிலில்தான் காயப்போட்டாள்.